புதுக் கட்டில் கொட்டும் பொடி

கட்டிலுக்கு அடியில் வெள்ளைப் பொடி குவிந்து கிடந்தால் முதலில் திட்டு வாங்குவது வீடு பெருக்குகிறவர்தான். "நேத்துதானேம்மா கூட்டினேன்" என்பார். கூட்டியதும் உண்மைதான். மறுநாள் அதே இடத்தில் அதே குவியல். குனிந்து பார்த்தால் கட்டில் சட்டத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை. உடனே வீடு முழுக்கக் 'கரையான்' என்று பேச்சாகிவிடும். மருந்தடிக்கிறவருக்குப் போன் போகும். அவர் சுவரோரமாகத் தரையில் துளை போட்டு மருந்து ஊற்றிவிட்டு, சில ஆயிரங்களை வாங்கிக்கொண்டு போவார். பொடி மட்டும் நிற்காது.

நிற்காததற்குக் காரணம், அது கரையானே இல்லை. மண்ணிலிருந்து ஏறி வரும் கரையான் பொடி கொட்டாது. சுவரில் மண்பாதை போட்டுக்கொண்டு வரும். தின்ற இடத்தையும் மண்ணால் அப்பி வைக்கும். மண்ணோடு ஒட்டுறவே இல்லாமல் மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் உலர்மரக் கரையான் ஒன்று உண்டு. அது கொட்டுவது கசகசா போன்ற கெட்டி மணிகளை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பட்டை தெரியும். விரலிடையில் தேய்த்தால் நெருடாமல், முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி வழுக்கினால் அது வண்டின் வேலை.

நம் வீடுகளில் அதிகம் அகப்படுவது லிக்டஸ் இனத்து வண்டு. செம்பழுப்பு நிறம், தட்டையான உடம்பு, அரிசி மணியைவிடச் சிறியது. அது வெளியேறும் துளை ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். 3 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் துளை இருந்தால், பொடியும் கொஞ்சம் கரகரப்பாக இருந்தால், போஸ்ட்ரிகஸ் வகையைச் சேர்ந்த அதன் அண்ணன்மார்களைச் சந்தேகிக்கலாம். மூங்கில் கூடை, ஏணி, தட்டிகளைப் பொடியாக்கும் டைனோடெரஸ் அந்த வகையில் ஒரு குட்டி.

லிக்டஸ் பெண் வண்டு முட்டையிடும் விதம் கவனித்துப் பார்க்க வேண்டிய ஒன்று. முதலில் மரத்தின் மேல்பரப்பை லேசாகக் கடித்துப் பார்க்கிறது. ருசி பார்ப்பது என்றே பூச்சியியலார் எழுதுகிறார்கள். அது தேடுவது மாவுச்சத்து. மரத்தின் பெரும்பகுதியான செல்லுலோஸ் அதன் புழுவுக்குச் செரிக்காது. மாவும் சர்க்கரையும் கொஞ்சம் புரதமும் மட்டுமே உணவு. அந்தச் சிறு சத்துக்காக மரத்தையெல்லாம் அரைத்து விழுங்கி, மிச்சத்தை அப்படியே வெளியே தள்ளிவிடுகிறது. நாம் பெருக்குவது அந்த மிச்சத்தைத்தான். மாவுச்சத்து போதுமென்று தெரிந்ததும், மரம் உயிரோடிருந்தபோது நீர் ஏறிய நுண்குழாய்களின் வாய்க்குள் முட்டையிடும் குழலை நுழைத்து முட்டைகளை வைக்கிறது. பைன் மரத்துக்கு இந்தக் குழாய்களே கிடையாது. அதனால் பைன் பலகையில் லிக்டஸ் வருவதில்லை. வார்னிஷ் பூசிக் குழாய் வாய்களை அடைத்த பரப்பிலும் முட்டையிட அதற்கு வழியில்லை. ஆனால் உள்ளே ஏற்கெனவே குடியேறிய புழுவை வார்னிஷ் ஒன்றும் செய்யாது. அது பாட்டுக்கு மாதக்கணக்கில் தின்று, கூட்டுப்புழுவாகி, வண்டாகி, அந்த வார்னிஷையே துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

உளுத்துப்போன நாற்காலிக் கால் ஒன்றை அறுத்துப் பார்த்தால் மிச்சக் கதையும் விளங்கும். மேலே காகிதக் கனத்துக்கு ஒரு தோல் மட்டும் முழுசாக நிற்கும். நகத்தால் அழுத்தினால் பொக்கென்று உள்ளே போகும். அதற்கடுத்து, மாவு திணித்த வளைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். கொஞ்சம் உள்ளே போனதும் மரத்தின் நிறம் வெளுப்பிலிருந்து பழுப்புக்கு மாறுகிற இடத்தில், கோடு போட்டாற்போல அத்தனை வளைகளும் நின்றுவிடும். அதற்கப்புறம் வைரம். வைரம் பாய்ந்த பகுதியில் மாவுச்சத்து இல்லை. வண்டுக்கும் அங்கே வேலை இல்லை. தேக்குக்கும் இதே விதிதான். தேக்கின் வைரத்தைத் தொடாத வண்டு, அதன் வெள்ளைப் பகுதியை விட்டுவைப்பதில்லை.

பழைய மரம்தான் உளுக்கும் என்று நாம் நினைப்பது இந்த வண்டைப் பொறுத்தவரை தலைகீழ். மரம் அறுபட்டு வருஷங்கள் ஆக ஆக மாவுச்சத்து குறைந்துகொண்டே போகும். தாத்தா காலத்து நிலைக்கதவை லிக்டஸ் சீண்டாது. போன தீபாவளிக்குத் தள்ளுபடியில் வாங்கிய சோபாதான் கொட்டும். இணையத்தில் படித்துவிட்டுப் பலர் குழம்புவதும் இங்கேதான். அங்கே கிடைக்கும் அறிவுரையில் பெரும்பகுதி இங்கிலாந்தின் ஈரம் பாய்ந்த பழைய ஓக் உத்தரங்களைப் பற்றியது. அந்த ஊரில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் 14ஆம் நூற்றாண்டுக் கூரையையே வேறொரு வண்டு பொத்தலாக்கியிருந்தது. அதற்கு மருந்து கண்டுபிடிக்க அழைக்கப்பட்ட ஹரால்டு மேக்ஸ்வெல் லெஃப்ராய், அதற்கு முன்பு இந்திய அரசின் பூச்சியியலாளராக பூசாவில் இருந்தவர். 1909இல் இந்தியப் பூச்சிகளைப் பற்றித் தடித்த புத்தகம் எழுதியவர். 1925இல் பூச்சிக்கொல்லி வாயுவைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அந்த வாயுவுக்கே பலியானார். அவருடைய வண்டும் நம்முடைய வண்டும் வேறு, சிகிச்சையும் வேறு.

நம் ஊரில் புகார்கள் பெருகுவதற்குக் காரணம் வண்டு பெருகியதல்ல, மரம் மாறியது. பால் வற்றியபின் வெட்டும் ரப்பர் மரம், மா, இலவு, இளம் வயதிலேயே வெட்டிய தோட்டத் தேக்கு என எல்லாவற்றிலும் வெள்ளைதான் அதிகம். ரப்பர் மரத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அறுத்த சில நாட்களுக்குள் போரான் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தினால் அருமையான மரம். அந்தச் சில நாட்களைத் தவறவிட்டதும், செலவை மிச்சப்படுத்தக் கரைசலில் பேருக்கு முக்கி எடுத்ததும்தான் உங்கள் வரவேற்பறையில் பொடியாக விழுகிறது. வண்டு பெரும்பாலும் உங்கள் வீட்டில் நுழையவில்லை. மர அறுவை மில்லிலேயோ பட்டறையிலேயோ ஏறி, சோபாவோடு வண்டியில் வந்து இறங்கியது.

செலவு செய்யுமுன் அது இன்னும் உயிரோடிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வண்டு போனபின்னும், யாராவது பொத்தென்று உட்கார்ந்தால் பழைய வளையிலிருந்து பொடி உதிரும். ஆகவே பொடி மட்டும் சாட்சி ஆகாது. இருக்கிற துளைகளையெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டு, தேதி எழுதி, அடியில் கறுப்புத் தாள் விரித்துவிட்டு ஒரு மாதம் பொறுங்கள். வட்டத்துக்கு வெளியே விளிம்பு வெளுத்த புதுத் துளை வந்தால் உள்ளே குடித்தனம் நடக்கிறது. காலையில் ஜன்னல் ஓரத்தில் செத்துக் கிடக்கும் சின்னப் பழுப்பு வண்டுகளும் அதையே சொல்லும். வெளிச்சத்தைத் தேடிப் பறந்து வந்தவை.

மண்ணெண்ணெயை ஊசியில் ஏற்றி ஒவ்வொரு துளையிலும் விடுவது வீட்டு வைத்தியம். பட்ட புழு சாகும், படாதது சாகாது. வளைகளில் பொடி இறுக அடைந்திருப்பதால் எந்தத் திரவமும் அதிக தூரம் போகாது. துளை என்பதே ஒரு வண்டு வெளியேறிப் போன வாசல்தானே, அங்கே ஊற்றி என்ன பயன்? அதோடு, மண்ணெண்ணெய் ஊறிய கட்டிலில் படுப்பதும் புத்திசாலித்தனமில்லை.

உளுத்தது ஒரே சட்டமாக இருந்தால் ஆசாரியைக் கூப்பிட்டு அதைக் கழற்றி மாற்றச் சொல்வதே மலிவு, கழற்றியதை எரித்துவிடுங்கள். முழுவதும் பரவியிருந்தால் வார்னிஷை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, போரிக் அமிலம் ஒரு பங்கு, வெண்காரம் ஒன்றரைப் பங்கு கலந்த நீர்க்கரைசலைப் பலமுறை பூச வேண்டும். வார்னிஷ் மேல் பூசினால் வீண். மேலடுக்கு விஷமாகிவிடுவதால், வெளியே வரத் துளைக்கும் வண்டு கடித்துச் சாகும். அடுத்த தலைமுறை தலையெடுக்காது. உடனே பலன் தெரியாது, சில மாதங்களுக்குப் பொடி விழத்தான் செய்யும். காய்ந்தபின் மறுபடி மெருகு பூசுங்கள், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தையும் சேர்த்து. மழை படும் இடத்துக்குப் போரான் ஆகாது, கரைந்து போய்விடும். குழந்தைகள் கடிக்கும் பொருளுக்கும் வேண்டாம்.

சின்னப் பொம்மை, மரச்சிற்பம், மூங்கில் கூடை என்றால் மருந்தே வேண்டாம். பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி உள்ள ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடாதீர்கள்; குளிர் முழுக்கத் தணியட்டும், இல்லாவிட்டால் மரத்தில் நீர் கோத்துக்கொள்ளும். சூடும் கொல்லும். ஏற்றுமதிப் பெட்டி மரத்துக்கு உலக விதி, நடுமரம் 56 டிகிரியில் 30 நிமிடம் இருக்க வேண்டும் என்பது. சித்திரை வெயிலில் காயப்போட்டாலே போதாதா என்றால், மரம் சூட்டைச் சட்டென்று உள்ளே விடாது. மெல்லிய மூங்கில் சாமானுக்குப் பலிக்கலாம், கட்டில் காலுக்குப் பலிக்காது. தானியக் கிடங்குக்கான பாஸ்பைடு மாத்திரையை மட்டும் யார் சொன்னாலும் வீட்டுக்குள் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் வாயு ஆளையே கொல்லும்.

மரத்துக்குள் மருந்தேற்றுவதில் உலகத்துக்கே வழி காட்டியவர் ஒரு இந்தியர். 1933இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொன்டி காமேசம் உருவாக்கிய செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலவைதான் பல நாடுகளில் மின்கம்பங்களையும் வேலிக்கால்களையும் காப்பாற்றியது. ஆர்சனிக் பயத்தால் அமெரிக்காவில் 2003க்குப் பிறகு குடியிருப்பு வேலைகளுக்கு அது பெரும்பாலும் நின்றுவிட்டது. வீட்டுச் சாமானுக்கு இன்று போரான்தான்.

வாங்கும்போதே தப்பிக்க வேண்டுமென்றால், கடையில் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே ஒரே நிறமாகச் சாயம் பூசியிருப்பார்கள். அடியில் பூசியிருக்க மாட்டார்கள். வெள்ளைக் கீற்று எவ்வளவு என்று அங்கே தெரியும். வெள்ளை அதிகமென்றால் மருந்தேற்றிய மரமா என்று கேளுங்கள். ஆமென்றால் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா பாருங்கள், அந்தத் தரத்துக்கு மருந்தேற்றுவது கட்டாயம். எழுதித் தரத் தயங்கும் கடைக்காரரிடம் விலை பேசிக்கொண்டிருக்க வேண்டாம்.