பன்னிரண்டு கதிரைகளுக்குள் ஒரு வியாபாரம்

புதிதாக ஏதாவது செய்து பாருங்கள் என்று ஒரு வர்த்தகரிடம் சொன்னால், பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று வரும். சட்டம் விடாது, சந்தை சரியில்லை, ஊர் ஏற்றுக்கொள்ளாது. இவற்றில் எதுவும் பொய்யல்ல. ஆனால், இவையெல்லாம் எம்மைவிடப் பல மடங்கு இறுகிக் கிடந்த ஒரு நாட்டில் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

அந்த நாடு கியூபா. 1959இல் பிடல் காஸ்ட்ரோவின் புரட்சி வென்றதும் முதலில் பெரிய கம்பனிகள் அரசுடைமையாகின. சிறு வியாபாரிகள் தப்பிவிட்டோம் என்று நினைத்திருக்கக்கூடும். 1968 மார்ச்சில் அவர்களுடைய முறை வந்தது. தெருவோரத் தின்பண்டக் கடை வரை, 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு வியாபாரங்களை அரசு எடுத்துக்கொண்டது. அதன் பின்னர் உணவகம் என்றால் அது அரசாங்கத்தினுடையது, சமையற்காரர் அரச ஊழியர். விற்றாலும் அதே சம்பளம், விற்காவிட்டாலும் அதே சம்பளம்.

1991இல் சோவியத் யூனியன் சரிந்தபோது கியூபாவுக்கு எண்ணெய் கொடுத்தவரும் இல்லை, சீனியை நல்ல விலைக்கு வாங்கியவரும் இல்லை. 1990க்கும் 1993க்கும் இடையில் பொருளாதாரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. பெற்றோல் இல்லாமல் ஹவானா நகரம் சைக்கிளில் ஓடியது. வேறு வழியின்றி, 1993இல் அரசாங்கம் குறிப்பிட்ட சில தொழில்களைப் பட்டியலிட்டு, இவற்றை மட்டும் சொந்தமாகச் செய்யலாம் என்றது. வீட்டு உணவகங்களை ஒரு தடவை அனுமதித்து, சில மாதங்களிலேயே தடுத்து, 1995இல் மீண்டும் அனுமதித்தது.

விதிகளைக் கேளுங்கள். கதிரைகள் பன்னிரண்டுதான். வேலைக்கு வெளியாள் வைக்க முடியாது, குடும்பத்தவர் மட்டுமே. மாட்டிறைச்சி கூடாது, இறால் கூடாது, சிங்கி இறால் கூடாது. வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் மாதாந்தம் குறிப்பிட்ட வரியைக் கட்டியாக வேண்டும். வாங்கிய சாமானுக்குப் பற்றுச்சீட்டு வேண்டும். பரிசோதகர் எந்நேரமும் வரலாம்.

இந்த உணவகங்களுக்கு மக்கள் வைத்த பெயர் ‘பலடார்’. அக்காலத்தில் கியூபாவே கூடியிருந்து பார்த்த ஒரு பிரேஸில் தொலைக்காட்சி நாடகத்தில், கடற்கரையில் உணவு விற்கத் தொடங்கிய ஓர் ஏழைப் பெண் பிற்பாடு நடத்தும் உணவகங்களின் பெயர் அது. விளம்பரச் செலவில்லாமல் ஒரு தொழிலுக்கே பெயர் கிடைத்துவிட்டது.

பன்னிரண்டு கதிரைகளை வைத்து என்ன செய்ய முடியும்? அரச ஹோட்டலோடு அளவில் போட்டியிட முடியாது. ஆகவே அவர்கள் அந்த ஹோட்டலிடம் இல்லாததை விற்றார்கள். பாட்டி காலத்து மேசை, பழைய பீங்கான், வீட்டுக்காரியே வந்து பரிமாறும் கறுப்பு அவரை கலந்த சோறு. 1996இல் ஹவானாவின் ஒரு பழைய மாளிகையின் மேல்மாடியில் ‘லா குவாரிடா’ என்ற பலடார் திறக்கப்பட்டது. ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஒரு கியூபத் திரைப்படம் படமாக்கப்பட்ட வீடு அது. படம் பார்த்தவர்கள் வீட்டைத் தேடி வந்தார்கள், வந்தவர்கள் பசியோடு வந்தார்கள். படிக்கட்டைத் திருத்தப் பணமில்லாவிட்டால் அதன் பழமையே காட்சிப் பொருள்! இருப்பதை இப்படிப் பார்க்கும் கண்தான் அங்கு மூலதனமாக இருந்தது.

ஆனால் இதை வெறும் வெற்றிக் கதையாகச் சொல்வது நேர்மையாகாது. நிலையான வரியைத் தாங்க முடியாமல் பலர் மூடினார்கள். மிஞ்சியவர்களில் பலர் பின்னறையில் கூடுதல் கதிரைகளை ஒளித்தார்கள், விலைப்பட்டியலில் இல்லாத சிங்கி இறாலை வாடிக்கையாளரின் காதில் சொல்லி விற்றார்கள், வெளியாளைக் கடதாசியில் மச்சானாக்கினார்கள். நல்ல மூளைகளின் பாதி உழைப்பு சமையலில் அல்ல, ஒளிப்பதில் செலவானது. 1970 முதல் 1977 வரை பெமிட்டும் கோட்டாவுமாக இங்கு வியாபாரம் செய்த எமது மூத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சட்டத்தை ஏய்க்கும் சாமர்த்தியத்தையும் புதியதை உருவாக்கும் ஆற்றலையும் நாம் ஒரே பெயரால் பாராட்டி வருகிறோம். கடையைப் பகலில் திறந்து காட்ட முடியுமா என்று கேட்டால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும்.

விதிகள் மெல்லத்தான் தளர்ந்தன. 2010இல் கதிரைகள் இருபதாகி, வெளியாளையும் வேலைக்கு வைக்க முடிந்தது. 2011இல் ஐம்பது கதிரைகள். 2021இல் நடந்ததுதான் என்னை மிகவும் கவர்ந்தது. அதுவரை, இந்த 127 தொழில்களை மட்டும் செய்யலாம் என்று இருந்த பட்டியலை அரசாங்கம் தலைகீழாக்கியது. இந்த 124 செயற்பாடுகள் கூடாது, மற்றவற்றைச் செய்யலாம் என்றது. எண்ணிக்கையைப் பார்த்தால் பெரிய மாற்றமாகத் தெரியாது. ஆனால் முன்பு, யாரும் யோசித்திராத ஒரு தொழிலை ஒருவர் கண்டுபிடித்தால் அது தானாகவே சட்டவிரோதம். இப்போது அது தானாகவே ஆகுமானது. அதே ஆண்டில் நூறு பேர் வரை வேலை செய்யும் தனியார் நிறுவனங்களுக்கும் வழி பிறந்தது. திறந்த கதவு திறந்தபடியே இருக்கும் என்றுமில்லை. 2024 இறுதியில் தனியார் மொத்த வியாபாரத்தின் மீது மீண்டும் பிடி இறுகியது.

இனி எமது கடைகளுக்கு வருவோம். அரசாங்கத்தைக் குறை சொல்லும் நாம் எமது கடைக்குள் எந்தப் பட்டியலை வைத்திருக்கிறோம்? முதலாளி சொன்னதை மட்டும் செய்யலாம் என்பதுதான் பெரும்பாலான கடைகளில் எழுதப்படாத சட்டம். இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிய வாடிக்கையாளர் என்ன கேட்டார் என்பது கல்லாவில் இருப்பவருக்குத் தெரியாது, சாமான் எடுத்துக் கொடுக்கும் பொடியனுக்குத்தான் தெரியும். அவனோ வாய் திறக்க மாட்டான். படித்துவிட்டு வந்து ஏதாவது சொல்லும் மகனுக்கும் “அது எங்கட கடைக்குச் சரிவராது” என்ற பதில் தயாராக இருக்கிறது.

பட்டியலைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். கடன் கொடுக்கக் கூடாது, காலாவதியான சாமான் விற்கக் கூடாது, விலையைக் கேட்காமல் குறைக்கக் கூடாது என்று கூடாதவற்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பிறகு ஒரு கொப்பியை அந்தப் பொடியனிடம் கொடுத்து, இல்லாமல் போன சாமான்களை எழுதச் சொல்லுங்கள். கடையில் ஒரு தட்டை ஒதுக்கி, மூன்று மாதத்துக்கு அதில் என்ன வைப்பது என்பதை அவனையே தீர்மானிக்க விடுங்கள். நட்டம் வந்தால் அந்த ஒரு தட்டுச் சாமானின் பெறுமதிதான்.