தமிழ்ப் பெயரோட ஃபைல் இறங்கணுமா?

உங்க புராஜெக்ட் தளத்துல 'தேர்வு முடிவு' என்ற பெயரில் ஒரு பிடிஎஃப் இருக்கு. டவுன்லோட் பண்ணினா வெறும் அடிக்கோடுகளோ, புரியாத கிறுக்கலோதான் பெயரா வருது. உள்ளே எல்லாம் சரி, பெயர் மட்டும் உடைஞ்சிருக்கு. ஏன்?

பெயர் ஃபைலுக்குள்ள போறதில்லை. சர்வர் அனுப்பும் 'கன்டென்ட்-டிஸ்பொசிஷன்' ஹெடரில், 'ஃபைல்நேம்' என்ற இடத்தில் போகுது. ஹெச்டிடிபி ஹெடர் ஆங்கில எழுத்துகளை நம்பி உருவானது. யூடிஎஃப்-8ல் 'த' என்பது 3 பைட். அதை அப்படியே அனுப்பினா, லத்தீன்-1 என்று நினைக்கும் பிரவுசர் 3 தனி எழுத்தா படிச்சுடும்.

முன்னாடி ஒவ்வொரு பிரவுசருக்கும் ஒரு வழி. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் சதவீதக் குறி போட்ட பெயரைப் புரிஞ்சுக்கும். ஃபயர்பாக்ஸ் மின்னஞ்சல் பாணி என்கோடிங்கை ஏத்துக்கும். சஃபாரிக்கு நேரடி யூடிஎஃப்-8. அதனால எந்த பிரவுசர்னு பார்த்துப் பார்த்து 'இஃப்-எல்ஸ்' எழுதினாங்க. 2011ல் வந்த ஆர்எஃப்சி 6266 இதுக்கு ஒரு பொது வழி சொன்னது.

வழி சுலபம்தான்: ஒரே ஹெடரில் ரெண்டு பெயர் அனுப்புங்க. முதலில் 'ஃபைல்நேம்', அதில் சாதாரண ஆங்கிலப் பெயர். அடுத்து நட்சத்திரக் குறியோட 'ஃபைல்நேம்*'. அதில் 'யூடிஎஃப்-8', ரெண்டு ஒற்றை மேற்கோள், பிறகு ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோட. இன்றைய பிரவுசர்கள் நட்சத்திரம் போட்டதைத்தான் எடுத்துக்கும். அது புரியாத பழைய கருவி ஆங்கிலப் பெயரை எடுத்துக்கும்.

கோட் எழுதும்போது மூணு இடத்தில் கவனம்:

1. பிஹெச்பியில் 'யூஆர்எல்என்கோட்' வேண்டாம். இடைவெளி கூட்டல் குறியா மாறிடும். 'ராயூஆர்எல்என்கோட்' போடுங்க.

2. ஜாவாஸ்கிரிப்டின் 'என்கோட்யூஆர்ஐகம்போனன்ட்' ஒற்றை மேற்கோள், அடைப்புக்குறி, நட்சத்திரம் ஆகியவற்றைத் தொடாது. அவற்றை நீங்களே மாத்தணும்.

3. நீளம். 'தமிழ்' என்பதில் புள்ளியும் கொக்கியும் சேர்த்து 5 குறியீடு, அதாவது 15 பைட். ஹெடரில் அது 45 எழுத்தாகும். லினக்ஸின் எக்ஸ்ட்4ல் ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை. அதில் 85 தமிழ்க் குறியீடு மட்டுமே அடங்கும்.

'ஆங்கிலத்திலேயே பெயர் வச்சா போச்சு' என்று தோணலாம். ஆனா தமிழ் மட்டுமே வாசிக்கிற ஒருத்தர், டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் தன் ஃபைலைத் தேட அந்தப் பெயரை விட்டா வேற என்ன அடையாளம் இருக்கு? ரெண்டு பெயரையும் அனுப்புங்க. இடைவெளியும் அடைப்புக்குறியும் உள்ள ஒரு தமிழ்ப் பெயரை வச்சு, குறைஞ்சது மூணு பிரவுசரில் சோதிச்சுப் பாருங்க.