பூவா தலையா: பேச்சு முடிக்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை

தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுத்தால் மகள் கண்ணெதிரே இருப்பாள், நிலமும் கைமாறாது. அத்தை மகன் இருக்கும்போது வெளியே மாப்பிள்ளை தேடினால் அண்ணன் தங்கை உறவே முறிந்துபோகும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சொந்தத்துக்குள் சம்பந்தம் பேச இப்படிக் காரணங்கள் பல உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 28 சதவீதம் பேர் உறவுக்குள் வாழ்க்கைப்பட்டவர்கள். 'சொந்தத்தில் கட்டாதே' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும் பிரசாரம் இவர்களிடம் எடுபடுவதில்லை. என்ன ஆபத்து, எவ்வளவு, அதற்கு என்ன வழி என்பதைச் சொன்னால் காதுகொடுப்பார்கள்.

சொல்வதும் கடினமில்லை. இரண்டு நாணயங்கள் போதும்.

ஒவ்வொரு மரபணுவும் நம் உடலில் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று அப்பா தந்தது, ஒன்று அம்மா தந்தது. தலசீமியா, அரிவாள் செல் ரத்தசோகை போன்ற பரம்பரை ரத்த நோய்களில், ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் ஆள் பொதுவாக நலமாகவே இருப்பார். மருத்துவர்கள் அவரை 'கடத்தி' என்பார்கள். கணவன் மனைவி இருவரும் கடத்திகளாக இருந்தால் ஆளுக்கொரு நாணயம் சுண்டிப் பார்க்கலாம். தலை நல்ல பிரதி, பூ பழுதான பிரதி. இரண்டும் பூ விழுந்தால் பிள்ளைக்கு நோய். அதற்கு வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரு பூ, ஒரு தலை என்றால் பிள்ளையும் கடத்தி. அது நான்கில் இரண்டு. இரண்டும் தலை விழ நான்கில் ஒன்று.

'மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கும் வராது' என்ற கணக்கு தவறு. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் நாணயம் புதிதாகச் சுண்டப்படுகிறது.

சொந்தம் இங்கேதான் குறுக்கே வருகிறது. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் மரபணுக்களில் நான்கில் ஒரு பங்கு பொது. அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் எட்டில் ஒரு பங்கு. ஒரே பழுது இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூடுகிறது. எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையுள்ள பிள்ளை பிறக்க நூற்றுக்கு இரண்டு மூன்று வாய்ப்பு உண்டு. அத்தை, மாமன் பிள்ளைகள் மணந்தால் அது ஏறத்தாழ இரு மடங்காகிறது. பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மிகைப்படுத்திப் பயமுறுத்தினால், நலமாக இருக்கும் பக்கத்து வீட்டுக் குடும்பமே அந்தப் பேச்சைப் பொய்யாக்கிவிடும்.

சொந்தம் இல்லாவிட்டாலும், சிறிய சமூகங்களில் ஒரே பழுது பலரிடம் இருக்கலாம். நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952இலேயே பதிவு செய்தார்கள். 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய ஒழிப்புத் திட்டம், பழங்குடிப் பகுதிகளில் 40 வயதுக்கு உட்பட்ட ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது.

ஹீமோகுளோபின் வகையைப் பிரித்துக் காட்டும் ரத்தப் பரிசோதனை கடத்திகளை அடையாளம் காட்டும். 'ரத்தம் கம்மி' என்று மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை என்றால், தலசீமியா கடத்தியா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. பேச்சு தொடங்கும்போதே இருவரும் பரிசோதித்துக்கொள்ளலாம். பத்திரிகை அடித்த பிறகு கேட்க யாருக்கும் வாய் வராது. ஒருவர் கடத்தி இல்லையென்று தெரிந்தாலே பெரிய கவலை தீர்ந்தது. ஆனால் இந்தச் சோதனை ஹீமோகுளோபின் சார்ந்த ரத்த நோய்களை மட்டுமே காட்டும். பிறவிக் காது கேளாமை போன்றவற்றைக் காட்டாது.

பழி மட்டும் இன்னும் மருமகள் மீதுதான் விழுகிறது. இந்த நோய்கள் வர இருவரின் பழுதான பிரதியும் வேண்டும். பெண் பிள்ளை பிறந்தாலும் அவளைத்தான் குறை சொல்கிறார்கள். ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதோ தந்தையின் விந்தணு.

கருவில் நோய் இருக்கிறதா என்று பார்ப்பது சட்டப்படி செல்லும். பாலினத்தைச் சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சொல்லும் மருத்துவருக்கு முதல் முறையே மூன்றாண்டு வரை சிறை கிடைக்கலாம். 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. அதன்படி, கருவில் கடுமையான குறை இருந்தால் 24 வாரத்துக்குப் பிறகும் மாநில மருத்துவக் குழு அனுமதிக்கலாம். வயது வந்த பெண்ணின் சம்மதம் போதும். கணவனின் கையெழுத்து தேவையில்லை. கருவைக் கலைக்கும்படி அவளை யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது.

அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போட நினைப்பவர்களுக்குக் காப்பர் டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை ஆகியவை அரசு மருத்துவமனைகளில் இலவசம். நிரந்தர வழி என்றால் பெண்ணையே அனுப்புவது வழக்கம். தழும்பில்லாத ஆண் கருத்தடை அதைவிட எளிது என்றாலும், தமிழ்நாட்டில் அதைச் செய்துகொள்பவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை.

தலசீமியா, அரிவாள் செல் இரண்டும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் உள்ளன. நோயுள்ள பிள்ளைக்கு அரசு மருத்துவமனையில் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கலாம். அப்படியொரு பிள்ளை இருக்கும் வீட்டில் அடுத்துப் பரிசோதிக்க வேண்டியவர்கள், பெற்றோரின் உடன்பிறந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். கிராம சுகாதார செவிலியரிடமோ 104 என்ற எண்ணிலோ, எங்கே போவது என்று கேட்கலாம்.