பேய்களோடு ஒரு மாலை நடை



விளக்கு வைத்த பிறகு பேய் என்ற சொல்லையே வாயில் எடுக்கக்கூடாது என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அமெரிக்காவின் நியூயார்க் நகரத்திலோ, ஆண்டுதோறும் அக்டோபர் 31ஆம் நாள், விளக்கு வைத்த பிறகுதான் பேய்கள் தெருவுக்கு வருகின்றன. பெற்றோர் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அவற்றைப் பார்க்கப் போகிறார்கள். அந்த ஹாலோவீன் ஊர்வலத்தைப் பற்றியே இன்று நாம் பேசப் போகிறோம்.

முதலில் ஹாலோவீன் என்பது என்ன? நவம்பர் முதல் நாள் கிறித்துவர்களுக்குப் புனிதர் அனைவரின் திருநாள். அதற்கு முந்திய இரவுதான் ஹாலோவீன். அன்றிரவு ஆவிகள் உலவும் என்ற அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்களின் பழைய நம்பிக்கை அதோடு கலந்துவிட்டது. அயர்லாந்தில் டர்னிப் என்னும் கிழங்கைக் குடைந்து உள்ளே விளக்கேற்றினார்கள். அமெரிக்காவில் குடியேறியபோது அங்கே பெரிய பெரிய பூசணிக்காய் கிடைத்தது. கிழங்கை விட்டுவிட்டுப் பூசணியைக் குடைந்தார்கள். இன்று அங்கே பலருக்கு இது பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் விளையாட்டு நாள்.

நியூயார்க்கில் கிரீனிச் வில்லேஜ் என்று ஒரு பகுதி. எழுத்தாளரும் ஓவியரும் நாடகக்காரரும் பல காலமாகக் குடியிருக்கும் இடம். அங்கே பழைய தொலைபேசி ஆய்வுக்கூடக் கட்டடம் ஒன்று 1970இல் கலைஞர்களுக்கான வீடுகளாக மாற்றப்பட்டது. வெஸ்ட்பெத் என்று அதற்குப் பெயர். முகமூடியும் பொம்மையும் செய்கிற ரால்ப் லீ என்பவர் அங்கே குடியிருந்தார். 1974ஆம் ஆண்டு ஹாலோவீன் மாலையில், தாம் செய்த பெரிய பெரிய உருவங்களைத் தூக்கிக்கொண்டு, தம் பிள்ளைகளும் நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் உடன் வர, குறுகிய தெருக்கள் வழியாக வாஷிங்டன் சதுக்கம் வரை நடந்தார். அவ்வளவுதான் தொடக்கம்.

அடுத்தடுத்த ஆண்டுகளில் கூட்டம் பெருகியது. சிறு தெருக்கள் தாங்கவில்லை. 1985இல் ஊர்வலம் ஆறாம் அவென்யூ என்னும் அகன்ற சாலைக்கு மாறியது. ரால்ப் லீ அதோடு விலகிக்கொண்டார். ஜீன் பிளெமிங் என்ற பெண்மணி பொறுப்பை ஏற்றார். ரால்ப் லீ 2023இல் காலமானார். அவர் விலகியதில் நியாயம் இருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. சந்து முனையில் ஒரு பூதத்தை எதிர்கொள்ளும் குழந்தைக்கு இருக்கும் திகைப்பு, பெருஞ்சாலையில் பெரியவர்களின் முதுகுகளுக்குப் பின்னால் நிற்கும் குழந்தைக்கு இருக்குமா? ஆனாலும் அவர் தொடங்கிய ஒரு பழக்கம் மாறவில்லை. வேடம் போட்டு வரும் எவரும் ஊர்வலத்தில் சேர்ந்து நடக்கலாம். வேடிக்கை பார்க்க வந்தவர் அடுத்த ஆண்டு வேடக்காரர் ஆகிவிடுகிறார்.

ஊர்வலத்தின் முன்னால் வருபவை பெரிய பொம்மைகள். எலும்புக்கூடுகள், ஆவிகள், பறவைகள், பூச்சிகள். ஆள் உயரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். இவற்றைப் பல ஆண்டுகளாகச் செய்து வருபவர்கள் அலெக்ஸ் கான், சோபியா மிகஹெல்லஸ் என்ற இருவர். நகரத்திற்கு வடக்கே, ஹட்சன் ஆற்றுப் பக்கம் ரெட் ஹூக் என்ற ஊரில் அவர்கள் பட்டறை இருக்கிறது. அங்கே தொண்டர்கள் வந்து ஒட்டுகிறார்கள், தைக்கிறார்கள், வண்ணம் பூசுகிறார்கள். உருவம் பெரிது, ஆனால் கனம் குறைவாக இருக்க வேண்டும். ஆகவே காகிதக்கூழ், மெல்லிய துணி, இலேசான கழிகள். பொம்மையின் நடுத்தண்டு சுமப்பவரின் முதுகில் கட்டிய சட்டத்தில் நிற்கும். கைகளை அசைக்க நீண்ட கோல்களைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வேறு ஆட்கள் நடப்பார்கள். காண்டா சுமந்தவர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. பாரம் சரியாகத் தோளில் உட்கார்ந்தால்தான் நடை வரும், நடை வந்தால்தான் பொம்மைக்கு உயிர் வரும். காற்று அடித்தால் பாடு அதிகம்.

இந்த ஊர்வலம் வெறும் களிப்பாக இல்லாமல் போன ஆண்டுகளும் உண்டு. 2001 செப்டம்பர் 11இல் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. ஏழு வாரம் மட்டுமே கடந்த நிலையில் ஹாலோவீன் வந்தது. இறந்தவர்களை நினைத்து நகரம் அழுதுகொண்டிருக்கையில் எலும்புக்கூடு வேடம் போடலாமா என்ற கேள்வி எழாமல் இருக்குமா? ஊர்வலம் நடந்தது. சாம்பலிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவையின் உருவத்தைச் செய்து முன்னால் தூக்கி வந்தார்கள். 2017இலோ அதே அக்டோபர் 31 பிற்பகலில், ஆற்றோரச் சைக்கிள் பாதையில் ஒருவன் லாரியை ஏற்றி எட்டுப் பேரைக் கொன்றான். அன்று மாலையே ஊர்வலம் இருந்தது. காவல் பலப்படுத்தப்பட்டது, மக்கள் வேடம் கலைக்காமல் வந்தார்கள். பிள்ளையை அழைத்துப் போவதா வேண்டாமா என்று அன்று ஒவ்வொரு வீட்டிலும் யோசித்திருப்பார்கள். போகாதவர்களைக் கோழை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. 2012இல் சாண்டி என்னும் புயலாலும், 2020இல் கொரோனாவாலும் ஊர்வலம் நிறுத்தப்பட்டது.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஓரிரு செய்திகள். ஊர்வலம் மாலை 7 மணிக்குப் புறப்பட்டு ஆறாம் அவென்யூவில் வடக்கு நோக்கிப் போகும். நெரிசல் மிகுதி, சாலையோரத்தில் முன்வரிசை வேண்டுமானால் நேரத்தோடு போய் நிற்க வேண்டும். அக்டோபர் முடிவில் அங்கே குளிர் தொடங்கிவிடும், ஆகவே வேடத்திற்கு உள்ளே கம்பளிச் சட்டை அவசியம். மிகச் சிறிய பிள்ளைகள் இருந்தால் வேறு வழியும் உண்டு. வாஷிங்டன் சதுக்கத்தில் பிற்பகலில், வெளிச்சம் இருக்கும்போதே, பிள்ளைகளுக்கென்று தனி ஊர்வலம் நடப்பது வழக்கம்.

இரவு ஊர்வலத்திற்கே போவதென்றால், பத்தாம் தெரு முனையில் நிற்பது நல்லது. அங்கே முன்பு நீதிமன்றமாக இருந்து இப்போது நூல்நிலையமாக உள்ள செங்கல் கட்டடம் ஒன்று உண்டு. அதன் மணிக்கூண்டில் பொம்மலாட்டக் கலைஞர் பேசில் டுவிஸ்ட் செய்த பெரிய சிலந்தி ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். கூட்டத்தில் முதுகுகள் மறைத்தாலும், அதை எந்தக் குழந்தையும் அண்ணாந்து பார்த்துவிடலாம்.