சைலன்சரை மாற்றினால் பிக்கப்புக்கு இழுவை கூடுமா?

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கிண்ணியாவிலிருந்து எனது ராத்தாவின் மகன் வீட்டுக்கு வந்தார். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, இரவோடிரவாகப் பேலியகொடை மீன் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது அவரது தொழில். கையில் இருப்பது ஒரு பழைய ஹைலக்ஸ் பிக்கப். தேநீர் குடித்து முடித்த பின்னர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே அவரது மனைவியின் காப்பு ஒரு சோடி.

"மாமா, உங்களுக்குத் தெரிஞ்ச இடத்தில இத அடகு வச்சித் தாங்க. வண்டிட இழுவை நல்லாக் குறைஞ்சிட்டு. கராஜில பெரிய பைப்போட சைலன்சர் ஒண்டு போட்டா இருபது குதிரை கூடுமாம். டீசலும் மிச்சமாம். எண்பத்தஞ்சாயிரம் கேக்கிறாங்க."

நான் பொட்டலத்தை அவர் பக்கமே தள்ளி வைத்தேன். காப்பை அடகு வைப்பதா இல்லையா என்பது பிறகு. முதலில் அந்த இருபது குதிரை எங்கிருந்து வரப்போகிறது என்று பார்க்க வேண்டும் அல்லவா?

இது எனது மருமகனின் பிரச்சினை மட்டுமல்ல. திருகோணமலை, கிண்ணியா, மூதூர், சீனன்குடா என்று எங்கு பார்த்தாலும் சிறு வியாபாரிகளின் கால் பிக்கப்தான். 2020ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டில்தான் மீண்டும் வழமைக்குத் திறக்கப்பட்டது. திறந்த பின்னரும் புதிய வண்டியின் விலை எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே இருபது, முப்பது வருடப் பழைய வண்டிகளைத்தான் தட்டித் திருத்தி ஓட்டுகிறோம். இழுவை குறைந்தால் சந்தைக்குப் பிந்துகிறோம். பிந்தினால் விலை விழுகிறது. இப்படியான நேரத்தில் யாராவது வந்து "இதைப் போடுங்கள், வண்டி பறக்கும்" என்றால் நம்பத்தான் மனம் சொல்லும்.

நானும் நம்பியவன்தான். 2002ஆம் ஆண்டு போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் கொழும்புப் போக்குவரத்து இலகுவானபோது, இரண்டாங்கை பிக்கப் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓடினேன். அடுத்த வருடமே ஒரு கராஜில் சொன்னதைக் கேட்டு உள்ளே தடுப்பில்லாத நேர்ப் பைப் ஒன்றைப் போட்டேன். அன்று வீடு வந்து சேரும்போது வண்டி பறப்பதாகத்தான் பட்டது. சத்தம் அப்படி! ஆனால் நான் டீசல் கணக்கைக் கொப்பியில் எழுதும் பழக்கமுள்ளவன். மாத முடிவில் பார்த்தால் டீசல் குறையவில்லை, கூடியிருந்தது. சத்தத்தைக் கேட்கும் ஆசையில் கால் தானாக அமர்த்தியிருக்கிறது. காது சொன்னதைக் கொப்பி ஒப்புக்கொள்ளவில்லை.

இனி விடயத்துக்கு வருவோம். இயந்திரம் என்பது ஒரு வகையில் காற்றுப் பம்பி. ஒரு லீற்றர் டீசல் முழுமையாக எரிவதற்குக் குறைந்தது பன்னிரண்டு கிலோ காற்று வேண்டும். எங்கள் வெக்கைக்கு அது ஏறத்தாழ பத்தாயிரம் லீற்றர் காற்று. உள்ளே போனதெல்லாம் வெளியேயும் வந்தாக வேண்டும். வெளியேறும் வழி ஒடுக்கமாக இருந்தால் பிஸ்டன் புகையைத் தள்ளுவதற்கே தன் பலத்தில் ஒரு பங்கைச் செலவிடும். இதைத்தான் பின்னமுக்கம் என்கிறார்கள். வழியை அகலமாக்கினால் அந்தப் பலம் மிச்சமாகும் என்பது சைலன்சர் விற்பவர்களின் வாதம். வாதத்தில் பொய் இல்லை. எவ்வளவு மிச்சமாகும் என்பதில்தான் பொய் இருக்கிறது.

மருமகனின் வண்டியில் இருப்பது டொயோட்டா 3எல் இயந்திரம். 2,779 சிசி, டர்போ கிடையாது, புதிதில் ஏறத்தாழ 90 குதிரை வலு. முழு வலுவில் ஓடும்போது இந்த வகை இயந்திரத்தின் பிஸ்டனைத் தள்ளும் பயன்தரு அமுக்கத்தைச் சராசரியாக்கினால் 7 பார் அளவில் வரும். அடைப்பில்லாத ஒரு சாதாரண சைலன்சர் கொடுக்கும் எதிர்ப்போ 0.1 பார் அளவுதான். சைலன்சரையே கழற்றி எறிந்து அந்த எதிர்ப்பு முழுவதையும் இல்லாமல் செய்தாலும் ஏழில் 0.1 என்றால் நூற்றுக்கு ஒன்றரை வீதம். 90 குதிரையில் அது ஒரு குதிரையும் கொஞ்சமும். இருபது குதிரை எங்கே?

அந்த ஒரு குதிரையும் கூட அக்சிலேட்டரை அடிவரை மிதித்து, இயந்திரம் நிமிடத்துக்கு 4,000 சுற்றுச் சுற்றும்போது மட்டும்தான். மீன் ஏற்றிக்கொண்டு கந்தளாய், ஹபரணை வழியாக 60இல் போகிறவருக்கு 2,000 சுற்றுப் போதும். வெளியேறும் வாயு பாதியானால் எதிர்ப்பு பாதியாவதில்லை, காற்பங்காகிவிடும். அதாவது நாம் உண்மையில் ஓடும் ஓட்டத்தில் பழைய பைப்பும் புதிய பைப்பும் ஒன்றுதான்.

டீசல் இயந்திரத்தில் இன்னொரு விடயமும் உண்டு. பெற்றோல் இயந்திரத்தில் நாம் மிதிக்கும்போது காற்றின் கதவு திறக்கிறது. பழைய டீசலில் நாம் கூட்டுவது எண்ணெயை. பம்பி எவ்வளவு டீசலை விடுகிறதோ அவ்வளவுதான் வலு. பம்பியைத் தொடாமல் பைப்பை மட்டும் அகலமாக்குவது, அடுப்பில் விறகைக் கூட்டாமல் புகைபோக்கியை மட்டும் பெருப்பிப்பது போன்றது.

அப்படியானால் இந்த வேலையால் பயனடைந்த வண்டியே இல்லையா? இருக்கிறது. டர்போ பூட்டிய டீசல் வண்டிகளில் கதை கொஞ்சம் வேறு. டர்போவின் சில்லைச் சுழற்றுவது வெளியேறும் புகைதான். சில்லுக்கு முன்னால் உள்ள அமுக்கத்துக்கும் பின்னால் உள்ள அமுக்கத்துக்கும் இடையிலான வித்தியாசத்தில் அது சுழலும். பின்னால் வழி அகலமானால் சில்லு சற்று முந்திச் சுழலத் தொடங்கும், புகையின் வெப்பமும் குறையும். அமெரிக்காவில் பெரிய டீசல் பிக்கப் வைத்திருப்போர் இதைச் செய்வது வெறும் மோகத்தால் அல்ல. ஆனால் அங்கும் பெரிய வலு கிடைப்பது பைப்பால் அல்ல, கூடவே கணினியை மாற்றி டீசலைக் கூட்டி விடுவதால். கூட்டிய டீசலின் சூட்டைப் பிஸ்டனும் ஹெட் கஸ்கற்றும் கிளச்சும் தாங்க வேண்டும். இரண்டு லட்சம் கிலோமீற்றரைக் கடந்த வண்டியில் அதைச் சோதித்துப் பார்ப்பது வியாபாரியின் வேலையல்ல.

புதிய மாதிரி பிக்கப் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவற்றின் பைப்புக்குள் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கலாம். அது அடைத்துக்கொண்டால் இழுவை உண்மையிலேயே விழும். "அதைக் கழற்றி எறிந்தால் சரி" என்று சில இடங்களில் சொல்கிறார்கள். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2020 நவம்பரில் வெளியிட்ட கணிப்பின்படி, அதற்கு முந்திய பத்து வருடங்களில் அந்நாட்டில் 550,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் இப்படிப் புகைக்கட்டுப்பாட்டுச் சாதனங்கள் செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தன. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. மீன் இறக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தாமல் ஓடவிட்டு, அதன் பின்னால் நின்று பெட்டி தூக்குபவர்கள் எங்கள் பிள்ளைகள்தான்.

இனிப் பணக்கணக்கு. மருமகன் மாதம் பத்துத் தடவை கொழும்புக்குப் போய் வருகிறார். போய்வர 520 கிலோமீற்றர் என்றால் மாதம் 5,200. லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் என்று வைத்தால் 520 லீற்றர். டீசல் விலை ஏறி இறங்கும். 2022 ஜூனில் லீற்றர் 460 ரூபாவரை போனதையும் பார்த்தோம். கணக்குக்கு 300 ரூபா என்று வைப்போம். விற்பவர் சொன்னபடி ஐந்து வீதம் மிச்சமானால் மாதம் 26 லீற்றர், 7,800 ரூபா. 85,000 ரூபா பதினொரு மாதத்தில் திரும்பிவிடும். ஒரு வீதம்தான் மிச்சம் என்றால் மாதம் 1,560 ரூபா, பணம் திரும்ப நாலரை வருடம். நாலரை வருடத்துக்குக் காப்பு அடகுக் கடையில் இருந்தால் வட்டியோடு அது கடைக்காரரின் காப்பாகிவிடும். நான் சொன்ன ஒரு வீதமே தாராளம்.

வருடாவருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சத்தமான சைலன்சர் பொலிஸாரின் கண்ணில், இல்லை, காதில் படும். 2025ஆம் ஆண்டிலிருந்து மாற்றியமைத்த வண்டிகள் மீதான சோதனை இறுகியிருக்கிறது. வழியில் ஒரு மணித்தியாலம் மறித்து வைத்தால் ஐஸ் உருகுவது யாருடைய கணக்கில்? காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்காமல் செய்த மாற்றம் விபத்தின் பின்னர் கேள்வியாக வரவும் இடமுண்டு.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மருமகன் சொன்னார்:

"அது சரி மாமா. ஆனா இழுவை குறைஞ்சது உண்மைதானே?"

நியாயமான கேள்வி. புதிய சைலன்சர் வலுவைக் கூட்டாது என்றாலும் அடைத்த சைலன்சர் வலுவைத் தின்னும். உள்ளே துருப்பிடித்த தகடு கழன்று விழுந்து வழியை மறிக்கலாம். வெளியே கல்லில் அடிபட்டு நசிந்திருக்கலாம். அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க எண்பத்தைந்தாயிரம் தேவையில்லை, இரண்டு சாவி போதும்.

மறுநாள் காலை வண்டியை வெறுமையாக நிலாவெளி வீதிக்குக் கொண்டுபோனோம். ஆளில்லாத நேரான துண்டு ஒன்றில் மூன்றாம் கியரில் 40இலிருந்து 70 வரை முழுதாக மிதித்து, கைத்தொலைபேசியில் நேரம் எடுத்தோம். போக மூன்று, வர மூன்று. சராசரி 11 விநாடி. பின்னர் வண்டியை ஓரமாக்கி, ஆறவிட்டு, சைலன்சருக்கு முன்னால் உள்ள பிளாஞ்சின் ஆணிகளைத் தளர்த்தி, புகை அந்த இடைவெளியால் வெளியேறும்படி செய்தோம். ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு அதே துண்டில் அதே ஓட்டம். காது கிழியும் சத்தம், பாதையோரத்து ஆடுகள் சிதறி ஓடின. நேரம் அதே 11 விநாடி. சைலன்சர் அடைத்திருந்தால் இந்த ஓட்டத்தில் தெரிந்திருக்கும். ஆகக் குற்றம் சைலன்சரில் இல்லை.

வண்டி மிதிக்கும்போது கறுப்புப் புகை தள்ளுவதைக் கவனித்தேன். கறுப்புப் புகை என்றால் டீசலுக்குக் காற்றுப் போதவில்லை, அல்லது டீசல் சரியாகத் தூவப்படவில்லை. காற்று வடிகட்டியைத் திறந்தால், மணல் வீதித் தூசி அப்பிச் செங்கல் நிறத்தில் இருந்தது. கடைசியாக மாற்றியது எப்போது என்று கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார். நான்கு நொசில்களையும் கழற்றிப் பரிசோதிக்கக் கொடுத்ததில் இரண்டு தூவாமல் ஒழுகுகின்றன என்றார்கள். பின் டயர்களில் காற்றும் குறைவு. வடிகட்டி, நொசில் வேலை எல்லாம் சேர்த்து 31,000 ரூபா முடிந்தது. இரண்டு தவணையில் தருவதாகப் பேசி முடித்தோம். மீண்டும் அதே வீதியில் ஓடினோம். 9 விநாடி.

காப்புப் பொட்டலம் அன்றே கிண்ணியாவுக்குத் திரும்பிவிட்டது.

இந்தச் சோதனையை எவரும் செய்யலாம். ஆனால் ஒரே வீதி, ஒரே சுமை, இரு திசையிலும் ஓட்டம் என்பதை விடக்கூடாது. எங்கள் கடற்கரையில் காற்று ஒரு பக்கம் தள்ளும், மறுபக்கம் மறிக்கும். ஒரே திசையில் ஓடிவிட்டுப் புதிய சைலன்சரின் பெருமை பேசுபவர்களை நான் கண்டிருக்கிறேன். பிளாஞ்சைத் தளர்த்தி ஓடுவதானால் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும். அருகில் டீசல் குழாயோ வயரோ இருந்தால் தொடவே வேண்டாம், ஒரு பாஸைக் கூப்பிடுங்கள்.

சைலன்சரை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு லீற்றர் டீசல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீரும் ஆவியாக உண்டாகிறது. கிட்டிய தூரம் ஓடி நிறுத்தும் வண்டியில் அது பைப்புக்குள்ளேயே தங்கி, டீசலிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகித் தகட்டை உள்ளிருந்து தின்கிறது. வெளியிலிருந்து கடற்காற்றும் மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீரும் தின்கின்றன. ஆகவே துறைமுகப் பக்கத்து வண்டிகளுக்குச் சைலன்சர் சீக்கிரம் போய்விடும். போனால், கம்பனி அளவிலேயே உள்ள சாதாரண சைலன்சர் ஒன்றை வாங்கிப் பூட்டுங்கள். வாரத்துக்கு ஒருமுறை வண்டியின் அடியை நல்ல தண்ணீரால் கழுவுவது செலவில்லாத வேலை.

மருமகனின் சைலன்சரிலும் பின் பக்கத்தில் விரல் நுழையும் அளவில் ஒரு துவாரம் இருந்தது. அதை வெல்டிங் செய்யச் சொல்லியிருக்கிறேன். "அந்தச் சத்தம் நல்லாத்தானே மாமா இருக்கு" என்கிறார். இன்னும் செய்யவில்லை.