ஈசல் பறந்த மாலை

கோடை மழை ஓய்ந்த ஒரு மாலைப்பொழுதில், பெங்களூரு மர்பி டவுனில் உள்ள எங்கள் பழைய வீட்டின் கூடத்து விளக்கை நூற்றுக்கணக்கான ஈசல்கள் மொய்த்தன. வழக்கம்போல் விளக்கை அணைத்துவிட்டு வாசலில் அமர்ந்தோம். ஊரில் ஈசல் பிடித்து வறுத்துத் தின்ற கதையைப் பாட்டி சொன்னார். மறுநாள் காலையில் சிறகுகளைக் கூட்டியபோதுதான் ஒன்று உறுத்தியது. வாசலைவிட உள்ளறைக் கதவு நிலையின் அடியிலேயே அவை மிகுதியாகக் கிடந்தன.

ஈசல் என்பது சிறகு முளைத்த கறையானே. பல ஆண்டுகள் வளர்ந்து முதிர்ந்த புற்றில்தான் ஈசல்கள் தோன்றுகின்றன. மழையில் மண் நனைந்து, காற்றில் ஈரம் மிகுந்ததும் அவை கூட்டமாக வெளியேறும். சற்று நேரம் பறந்து, சிறகுகளை உதிர்த்து, ஆணும் பெண்ணும் இணையாக மண்ணுள் புகும். பறவை, பல்லி, எறும்பு ஆகியவற்றுக்கு இரையானவை போக எஞ்சும் சில இணைகளே புதிய குடியின் அரசனும் அரசியும் ஆகின்றன.

ஈசல் மரத்தைத் தின்பதில்லை. தின்பவை புற்றிலுள்ள வேலைக்காரக் கறையான்கள். ஆகவே மருந்தடித்து ஈசலைக் கொல்வதால் பயனில்லை. வெளிவிளக்கைத் தேடி வந்தவை என்றால் அஞ்ச வேண்டியதில்லை. சுவர் வெடிப்பிலிருந்தோ நிலையின் இடுக்கிலிருந்தோ புறப்பட்டவை என்றால், கறையான் வீட்டினுள் வழி கண்டுவிட்டது என்பது பொருள். சிறகுள்ள எறும்புக்கு இடை ஒடுங்கியிருக்கும், முன்சிறகு நீளமாக இருக்கும். ஈசலுக்கு இடை பருத்து, நான்கு சிறகுகளும் ஒரே அளவில் இருக்கும்.

நிலையைத் தட்டினோம்; பொள்ளலாக ஒலித்தது. மர அலமாரியின் பின்புறம் மண்குழாய்கள் ஏறியிருந்தன. உள்ளே, வீட்டின் கிரயப் பத்திரத்தின் ஓரங்கள் அரிக்கப்பட்டிருந்தன. சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெற்றோம். எனினும் வீட்டை அடமானம் வைக்கும் நாளில் வங்கி முதலில் கேட்பது மூலப் பத்திரத்தையே.

கறையான் தடுப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 6313. அதன் இரண்டாம் பகுதி புதிய கட்டுமானத்திற்கும், மூன்றாம் பகுதி குடியிருக்கும் கட்டடங்களுக்கும் உரியது. அதன்படி, சுவரும் தரையும் கூடும் இடங்களில் துளையிட்டு அடிமண்ணில் மருந்து செலுத்தச் செய்தோம். குழாய்க் கசிவை அடைத்தோம். சுவரோரம் அடுக்கிய பழைய பலகைகளையும் செய்தித்தாள்களையும் அகற்றினோம்.

வீட்டுக் காப்பீட்டில் கறையான் சேதம் பொதுவாக அடங்காது. எனவே வருமுன் காப்பதே சிக்கனம். பத்திரங்களை வங்கிப் பெட்டகத்தில் வைக்கலாம். ஆனால் ரொக்கத்தை அங்கு வைக்க விதி இடந்தருவதில்லை. 2023-இல் மொராதாபாத்தில், மகளின் திருமணத்திற்கெனப் பெட்டகத்தில் ஒரு தாய் வைத்திருந்த 18 லட்சம் ரூபாயைக் கறையான் அரித்தது. கணக்கில் இட்ட பணத்தைக் கறையான் அணுகாது.

அடுத்த ஆண்டும் மழை வந்தது. தெருவிளக்கில் ஈசல்கள் ஆடின. மறுநாள் காலையில் நாங்கள் முதலில் பார்த்தது நிலையின் அடியைத்தான். அங்கு ஒரு சிறகும் இல்லை.