முத்தநாதனுக்கு வழித்துணை

ஆடி அமாவாசையன்று நம் உடுமலைப்பேட்டை வட்டாரத்து மக்கள் திருமூர்த்திமலை அமணலிங்கேசுவரர் திருமுன் திரண்டு நின்று, அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்தருளுமாறு வேண்டுகின்றனர். அவ்வாறு வேண்டி இறங்கியவரே வாய்க்கால் தண்ணீர் முறைக்காக உடன்பிறந்தவனோடு ஆண்டுக்கணக்காகப் பேசாதிருப்பதும் உண்டு. இறைவனிடம் நாம் எதிர்பார்க்கும் பொறையைப் பிறர்க்கு வழங்குவது எங்ஙனம் என்பதற்குத் திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றினும் தெளிவான சான்று பெரியபுராணத்தில் இல்லை என்பது அடியேன் கருத்து.

சேதிநாட்டை ஆண்ட அவரிடம் பலமுறை போரில் தோற்ற முத்தநாதன், மெய்யெலாம் நீறு பூசிச் சடைமுடி கட்டி, சுவடிக்கட்டில் கத்தியை மறைத்துக்கொண்டு அரண்மனை புகுந்தான். எங்கும் இல்லாத ஆகமம் கொணர்ந்ததாகக் கூறினான். நாயனார் அரசியையும் அகலச் செய்து, அவனை உயர்ந்த இருக்கையில் இருத்தித் தாம் தரையில் அமர்ந்தார். அவன் கத்தியை உருவித் தான் எண்ணியதை முடித்தான். பாய்ந்து வந்து வாளோங்கிய தத்தனை, வீழ்கின்ற நிலையிலும் கைநீட்டித் தடுத்து, வந்தவர் நம்மவர் என்றார் நாயனார்.

அவர் பொறுத்தது வேடத்தையேயன்றி ஆளையன்று என்பாரும் உளர். வேடத்தின்பால் வைத்த பத்தியே காரணம் என்பது உண்மைதான். சேக்கிழார் பெருமானும் அதனையே போற்றுகின்றார். எனினும், கத்தி வெளிப்பட்ட பின் அவ்வேடம் பொய் என்பதில் ஐயம் ஏது? அதன் பின்னும் நாயனார் நீற்றை நோக்கினாரேயன்றிக் கத்தியை நோக்கினாரல்லர். அன்பர்களே, சந்நிதியில் நாம் நிற்கும் நிலை என்ன? நெற்றியில் நீறு, நெஞ்சினுள் மறைத்து வைத்திருப்பதை அவன் அறிவான். அறிந்தும் நீற்றை நோக்கியே நம்மை ஏற்க வேண்டுமென்றுதானே கைகூப்புகின்றோம்!

இன்னும் ஒன்று சிந்தித்தற்குரியது. பகைவனை ஒருவரும் இடையூறு செய்யாமல் கொண்டுபோய் விடுமாறு தத்தனையே ஏவினார். செய்தி பரவி, வழியெங்கும் மக்கள் கொதித்தெழுந்து மறித்தனர். அவர்களிடம் அரசன் ஆணையைக் கூறி விலக்கி, ஊர் கடந்து அவனைச் சேர்ப்பித்தான் தத்தன். நாமோ பொறுத்துவிட்டேன் என வாயால் கூறிவிட்டு, நம் பொருட்டுச் சினந்த மைத்துனரையும் பங்காளியையும் தடுக்காமல் விட்டுவிடுகின்றோம்.

தத்தன் மீளுமளவும் நாயனார் உயிரைத் தாங்கியிருந்தார். பகைவன் தீங்கின்றிச் சென்றான் என்னும் சொல் செவியில் விழுந்த பின்னரே, தத்தனுக்கு நன்றி கூறி, அரசுரிமைக்கு உரியவர்க்குத் திருநீற்றன்பைக் காக்குமாறு அறிவுறுத்தி, அம்பலவாணன் திருவடியைச் சிந்தித்தார். இறைவன் எதிர்நின்று காட்சி தந்தருளினான்.